மச்சானைத் தவிர யாராயிருந்தாலும் சரி

மார்கழி இருபத்தொன்றாம் தேதி காலை ஆறு பத்துக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். எடுத்தபோது இடுப்பில் துண்டு, தலையில் ஷாம்பு நுரை, கையில் மக். மக்கில் இருப்பது வெந்நீர் என்று நம்பித் தலையில் ஊற்றினேன். ஐஸ்.

“ஹீட்டர் போயிடுச்சு!” என்று அலறினேன்.

“கௌதமுக்கு ஒரு போன் பண்ணட்டுமா?” சமையலறையிலிருந்து என் மனைவி நாகவல்லி கேட்டாள். பதறவில்லை. தோசை திருப்பும் சத்தம்கூட நிற்கவில்லை.

அவ்வளவுதான். பல் தந்தியடிக்கும்போதே சபதம் எடுத்துவிட்டேன். ஹீட்டர் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்தச் சென்னையில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவேன். என் மச்சான் கௌதமை மட்டும் கூப்பிட மாட்டேன்.

காரணம் உண்டு.

என் பெயர் வீரராகவன். பெயரில் வீரம் இருக்கிறது, அங்கேயே இருந்துகொள்கிறது. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடித்தால் எனக்குச் சம்பளம். வீட்டில் அதே வேலையை நாகவல்லி சம்பளம் இல்லாமல் செய்கிறாள். இருபது வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஆறு வருடத்துக்கு முன் பட்டாபிராமில் சொந்த வீடு கட்டினோம். அப்போது நான் ஒரு புரட்சி செய்தேன். பாத்ரூமுக்கு ஒரு ஹீட்டர் என்பதெல்லாம் பழைய காலம். பின்பக்க பாத்ரூம் பரணில் ஒரே ஒரு பெரிய ஹீட்டர். அங்கிருந்து வீடு முழுக்கக் குழாய். எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்.

“பட்டாபிராம்ல எல்லாரும் ரயில் ஏறி சென்ட்ரலுக்குப் போறாங்க. எங்க வீட்டுக்குள்ளயே சென்ட்ரல் இருக்கு!” என்று கிரகப்பிரவேசத்துக்கு வந்த அறுபது பேரிடமும் சொன்னேன். அறுபது பேரும் சிரித்தார்கள். கௌதம் மட்டும் சிரிக்காமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நாகவல்லியின் தம்பி. அப்போது பூந்தமல்லியில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான்.

“மாமா, ஹீட்டர் ஒரு மூலையில, சமையல்ரூம் இன்னொரு மூலையில. தண்ணி அங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிடுமே மாமா.”

என் அக்கா வசந்தா எதிரில் சொன்னான். அவன் சொன்னது தப்பாக இருந்திருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். சரியாக இருந்தது. அதை எப்படி மன்னிப்பது?

இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வேலூரிலிருந்து வசந்தா அக்கா வருவதாக இருந்தது. மூட்டு வலிக்காரி. வெந்நீர் இல்லாவிட்டால் குளிக்க மாட்டாள். குளிக்காவிட்டால் பேசிக்கொண்டே இருப்பாள். அவள் வருவதற்குள் சமையலறைக் குழாயிலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரவைத்து, ஆறு வருடத்து அவமானத்தைத் துடைத்துவிட நினைத்தேன். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, நாகவல்லி ஆவடி மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி ஹீட்டர் மூடியைக் கழற்றினேன். சூட்டைக் கூட்டும் திருகு எது என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் திருகினேன். மூடியை மாட்டியபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சம். ஒரு ஒயருக்குப் போக இடமில்லை, உள்ளே திணித்தேன். ஸ்க்ரூக்களை ஷேவிங் டப்பாவில் ஒளித்தேன்.

இப்போது கௌதம் வந்து மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அதனால் தலை துவட்டிக்கொண்டே முந்திக்கொண்டேன்.

“சதா நேரமும் சுவிட்சைப் போட்டு வச்சா ஹீட்டர் என்னத்துக்கு ஆகும்? எல்லாம் உன்னாலதான்.”

“என்னாலயா?”

“பின்ன, என்னாலயா?”

நாகவல்லி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு பரணைப் பார்த்தாள். “சரி. யாரைக் கூப்பிடணுமோ நீங்களே கூப்பிடுங்க. உங்க இஷ்டம்” என்றாள்.

கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவள் ‘உங்க இஷ்டம்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வேலுசாமியை அழைத்து வந்தேன். எங்கள் தொழிற்சாலைக்காரர். எலக்ட்ரிக் வேலை தெரியும் என்று சொல்லிக்கொள்வார். இருப்பது பெயின்ட் பிரிவில். நான் விடுவதாயில்லை; பிளம்பர் பாண்டியனுக்கும் சொல்லி வைத்திருந்தேன். ஒருவர் விட்டால் இன்னொருவர் பிடிப்பார் அல்லவா? இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஆறடிக்கு நாலடி பாத்ரூமில் நாங்கள் மூன்று பேர். வாசலில் நாகவல்லி, காபி டம்ளர்களோடு.

வேலுசாமி அண்ணாந்து பார்த்தார். “சிவப்பு லைட் எரியுது. அப்ப கரண்ட் வருது. இது கரண்ட் பிரச்சனை இல்ல சார். தண்ணி பிரச்சனை.”

“தண்ணிக்கு என்ன?”

“சூடாகலையே.”

பாண்டியன் குழாயைத் திறந்தார். “பிரஷர் நல்லா வருது. இது தண்ணி பிரச்சனையே இல்ல சார். கரண்ட் பிரச்சனை.”

“தண்ணியோட பிரச்சனைங்க.”

“கரண்டோட பிரச்சனைங்க.”

“எதுக்கு வாக்குவாதம்?” என்றார் வேலுசாமி. “மெயினை ஆஃப் பண்ணிட்டு மூடியைத் திறந்து பார்த்துடுவோம்.”

எங்கள் வீட்டு மெயின் வாசலில் காபியோடு நின்றுகொண்டிருந்தது. அதை ஆஃப் செய்யும் சுவிட்சை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

“திறக்காதீங்க!” என்று கத்தினேன். “வாரன்ட்டி போயிடும்!”

“வாரன்ட்டி முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சேங்க” என்றாள் நாகவல்லி.

“முடிஞ்சா என்ன? அதுக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?”

“திறக்காம எப்படி சார் பாக்கறது? வெளியில நின்னு சாமி கும்பிடறதா?” என்றார் பாண்டியன்.

அந்தச் சமயத்தில் வேலுசாமிக்குப் பாண்டியனின் பேச்சில் ஏதோ பொறி தட்டியது. “உங்களுக்கு எந்த ஊரு?” என்று கேட்டார். திருத்தணிப் பக்கம். அவருக்கும் திருத்தணிப் பக்கம். ஒரே பள்ளிக்கூடம். ஒரே கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். இருவரும் என் பாத்ரூமில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாகவல்லி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டில் சூடானது அவர்களுடைய நட்பு ஒன்றுதான்.

ஹீட்டர் கம்பெனிக்கே போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, பழுதுக்கு நான்கை அழுத்து என்றார்கள். அழுத்தினேன். நாற்பது நிமிடம் புல்லாங்குழல் கேட்டேன். கடைசியில் ஒருவர் வந்து, ஹீட்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் பதினாலு இலக்க நம்பரைக் கேட்டார். பின்பக்கம் சுவரோடு சுவராக இருக்கிறது. “சுவத்தை இடிச்சுட்டு வந்து சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “சரிங்க சார், லைன்லயே இருக்கேன்” என்றார்.

தினமும் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். “உடம்புக்கு ரொம்ப நல்லது” என்று நாகவல்லியிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நாலு தும்மல். அவள் தனக்கு மட்டும் அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர் போட்டுக்கொண்டாள். எனக்கு வேண்டுமா என்று கேட்கவே இல்லை. உடம்புக்கு நல்லதைக் கெடுப்பானேன் என்றாள்.

புதன்கிழமை காலை, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கஜபதி எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர். இந்த ஊரிலேயே பிறந்தவர். நாங்கள் வீடு கட்டியிருப்பது அவருடைய அப்பா நெல் விதைத்த நிலத்தில்.

“இன்னாபா வீரா, மார்கழில பச்சத் தண்ணில குளிச்சிகினு கீறியாமே? நீ தும்முற தும்முல எங்க ஊட்டு ஜன்னல் ஆடுதுபா.”

“ஹீட்டர் போயிடுச்சு கஜபதி. நல்ல ஆளா பாக்கறேன்.”

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பூந்தமல்லிலேர்ந்து ஒரு பொண்ணு வருது. சபீனான்னு பேரு. ஐ.டி.ஐ. படிச்ச பொண்ணு. போன வாரம் எங்க ஊட்டாண்ட வந்துச்சு, காபி ஆர்றதுக்குள்ள வேலைய முட்சிட்டு போய்கினே இருந்துச்சு.”

“பொண்ணா?” என்று இழுத்தேன்.

“இன்னா நைனா, நீ ரிப்பேருக்கு ஆளு பாக்கறியா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறியா?”

கடை பெயர் ‘இதமா ஹோம் சர்வீஸ்’ என்றார். பூந்தமல்லி என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். “கௌதம் எலக்ட்ரிக்கல்ஸ் இல்லையே?” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். “இதமான்னுதான் போட்டுகீது” என்று நம்பரைக் கொடுத்தார். கொடுக்கும்போது எங்கள் வீட்டு மாடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். காக்காய் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

தொழிற்சாலைக்குள் போன் கொண்டு போக முடியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே டீக்கடைக்கு வந்து அந்த நம்பரை அழைத்தேன்.

“வணக்கம் சார், இதமா ஹோம் சர்வீஸ். சொல்லுங்க சார்.”

என்ன குரல்! பாலில் ஏலக்காய் தட்டிப் போட்ட மாதிரி. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு ‘சார்’. இப்படி ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டவன் போன ஜன்மத்தில் எவ்வளவு புண்ணியம் செய்திருப்பான் என்று தோன்றியது. ஹீட்டர் கதையைச் சொன்னேன்.

“ஏற்கெனவே யாராவது கழட்டிப் பாத்தாங்களா சார்?”

தயங்கினேன்.

“மறைக்காம சொல்லுங்க சார். டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி. வெளியில போகாது.”

அந்தக் குரலிடம் யாருக்குத்தான் பொய் சொல்ல மனசு வரும்? “நான்தான் மேடம் கழட்டினேன்” என்றேன். “ரெண்டு ஸ்க்ரூ மிச்சமாயிடுச்சு. ஷேவிங் டப்பாவுல இருக்கு. வீட்டுல தெரியாது. அவமேல பழியைப் போட்டு வச்சிருக்கேன்.”

“நல்லாப் பண்ணீங்க சார்” என்றது குரல், இன்னும் இனிமையாக. “வீட்டம்மா நம்பிட்டாங்களா?”

“நம்பாம? அவளுக்கு அவ்வளவா விவரம் போதாது மேடம்.”

“விவரம் போதாதுங்களா? எத்தனை வருஷமா சார்?”

“இருபத்தாறு வருஷமா.”

“பாவம் சார் நீங்க.”

கண் கலங்கிவிட்டது. டீயை மறந்துவிட்டுப் பேசினேன். “அவளுக்கு எது ரிப்பேர்னாலும் தம்பியைக் கூப்பிடணும் மேடம். அவன் ஒரு அரைகுறை. ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது.”

“அப்படிங்களா சார்.”

“உங்களை மாதிரி பொறுப்பான ஒருத்தர் எங்க வீட்டுல இருந்தா, எல்லா முடிவையும் அவங்க கையிலயே விட்டுட்டு நான் நிம்மதியா இருப்பேன் மேடம்.”

“கண்டிப்பா சார். சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஆள் வரும் சார். தலையை நல்லா துவட்டிக்குங்க சார், தும்மறீங்க.”

நான் போனில் தும்மவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சபீனா இறங்கினாள். தோளில் பை, கையில் டெஸ்டர். இருபத்தைந்து வயதிருக்கும். “மேல ஏறறதுக்கு உனக்குப் பயமா இருந்தா நான் வேணா…” என்று ஆரம்பித்தேன். நான் முடிக்கும்போது அவள் ஸ்டூல் மேல் நின்று மூடியைக் கழற்றியிருந்தாள்.

நாகவல்லி அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள். நல்லதாய்ப் போயிற்று.

“ஒயரு ஒண்ணு தனியா தொங்குது சார். கண்ட திருகையும் திருகி வச்சிருக்காங்க” என்றாள் சபீனா. பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த ரெண்டு ஸ்க்ரூ?” என்று கையை நீட்டினாள். ஷேவிங் டப்பாவிலிருந்து எடுத்து, கஞ்சா கைமாற்றுகிறவன் மாதிரி உள்ளங்கையில் வைத்தேன். பத்தே நிமிடம். குழாயைத் திறந்தால் ஆவி பறந்தது.

சபீனா கிளம்பியதும் சத்தமாக அறிவித்தேன். “நாகு! வெந்நீர் வந்துடுச்சு! யார் கூப்பிட்ட ஆள்னு பாத்தியா?”

“நீங்க கூப்பிட்டா தப்பாப் போகுமா?” மாடியிலிருந்து பதில் வந்தது.

மார்பு விரிந்தது. அந்த மேடத்துக்கு ஒரு நன்றி சொல்லாவிட்டால் மனிதனே இல்லை. நம்பரை அழுத்தினேன். என் காதில் மணியடித்தது. மாடியிலும் மணியடித்தது.

“வணக்கம் சார், இதமா ஹோம் சர்வீஸ். சொல்லுங்க சார்.”

வலது காதில் போனிலிருந்து கேட்டது. இடது காதில் மாடிப்படியிலிருந்து கேட்டது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். ஏற ஏற இடது காதுக் குரல் பெரிதாகிக்கொண்டே போனது.

“ஹலோ? சார்? லைன்ல இருக்கீங்களா சார்?”

கொடிக்கயிற்றில் என் வேட்டி ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால், நான் இதுவரை பார்த்தே இராத ஒரு போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நாகவல்லி கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். வேட்டியை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இருபத்தாறு வருஷத்துல என் குரல்கூடவா தெரியல உங்களுக்கு?” ஏலக்காய் போய்விட்டது. பால் மட்டும் கொதித்தது.

“நீ… நீ மரியாதையா பேசினியே நாகு. அதான் அடையாளம் தெரியல.”

“கௌதமோட கடைதான். பேரை மாத்தி, ஆறு பேரை வச்சு நடத்தறான். நாலு மாசமா அவனுக்கு போன் வேலை நான்தான் பாக்கறேன். நீங்க காலைல கிளம்பினதும் ஆரம்பிச்சா, நீங்க வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“ஆவணியில சொன்னேன். டிவியில மேட்ச் பாத்துக்கிட்டு ‘உம்’னீங்க. அது என்ன விஷயம்னு இன்னிவரைக்கும் நீங்க கேக்கல. நானும் நீங்க கேக்கற வரைக்கும் சொல்ல வேணாம்னு இருந்துட்டேன்.”

“கஜபதிகிட்ட நம்பரைக் கொடுத்தது?”

“நான்தான்.”

“ஹீட்டரை நான் கழட்டினது…”

“ஸ்டூல்மேல உங்க கால் தடம் திங்கக்கிழமை காலைலயே பாத்துட்டேன். நீங்களா வாயைத் திறந்து சொல்றீங்களான்னு பாத்தேன். சொன்னீங்க. யார்கிட்டயோ.”

கிளிப் கூடையை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

“என்மேல பழியைப் போட்டீங்க. போகட்டும். விவரம் போதாதுன்னீங்க. அதுவும் போகட்டும். பொறுப்பான ஒருத்தர் இருந்தா எல்லா முடிவையும் கையில விட்டுடுவேன்னீங்களே, அதை மட்டும் நான் எடுத்துக்கிட்டேன்” என்றாள். “பொங்கல் முடிஞ்சதும் உங்க சென்ட்ரலைப் பிரிக்கறோம். இடத்துக்கு ஒரு சின்ன ஹீட்டர். போகி அன்னிக்கு கௌதம் குடும்பத்தோட சாப்பிட வர்றான். வசந்தா அண்ணி எதிர்ல, அவன் அன்னிக்குச் சொன்னது சரிதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“ஒரே ஒரு வார்த்தைதானே?”

“சத்தமா.”

அக்கா வந்தாள். இரண்டு வேளையும் குளித்தாள். போகி அன்று இலையில் போளி விழுந்ததும் நாகவல்லி தொண்டையைக் கனைத்தாள். நான் எழுந்து நின்று, கௌதம் ஆறு வருடத்துக்கு முன்பே சரியாகச் சொன்னான் என்றேன். கௌதம் கூச்சத்தில் நெளிந்து, “அதெல்லாம் எதுக்கு மாமா, உக்காருங்க” என்றான். நல்ல பையன். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அக்கா போளியை மென்றுகொண்டே, “எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள்.

தை பிறந்து இரண்டு வாரமாகிவிட்டது. நாகவல்லி இப்போது மாடியில் ஒளிந்துகொண்டு பேசுவதில்லை. சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு, நோட்டு வைத்துக்கொண்டு, ஊரில் உள்ள அத்தனை பேரையும் ‘சார், சார்’ என்று தாங்குகிறாள். என்னிடம் அவசியத்துக்கு மட்டும் பேசுகிறாள். நேற்று எனக்கு லீவு. ஹாலில் உட்கார்ந்து அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஏக்கம் தாங்கவில்லை. போனை எடுத்து, எட்டடி தள்ளியிருக்கும் சமையலறைக்கு அழைத்தேன்.

“வணக்கம் சார், இதமா ஹோம் சர்வீஸ். சொல்லுங்க சார்.”

“மேடம், ஒரு காபி கிடைக்குமா?”

“மன்னிக்கணும் சார். அதுக்கு நீங்க உங்க வீட்டம்மாவைத்தான் கேக்கணும்.”